எதைப் பார்ப்பது, எதைப் படிப்பது, எதற்காக விடியற்காலையில் எழுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் பிறந்தது ராயபுரம், இப்போது இருப்பது தண்டையார்பேட்டை. துறைமுகத்தை ஒட்டிய ஓர் அலுவலகத்தில் சரக்குகளுக்கான சுங்க ஆவணங்கள் தயாரிக்கும் வேலை. வேலை போக மிஞ்சும் நேரமெல்லாம் படம், தொடர், புத்தகம், பேஸ்பால் என்று போய்விடுகிறது. கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரரும், தேநீர்க் கடையில் அலுவலகத் தம்பிகளும், ஒன்றுவிட்ட அக்கா மகளும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். எல்லாம் என் சொந்தக் கருத்து.

ஒரு படம் நல்ல படமா இல்லையா என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்?

கையை வைத்து. படத்தில் வருகிறவன் என்ன வேலை செய்கிறான், அந்த வேலையை அவன் கை அறிந்திருக்கிறதா என்று பார்ப்பேன்.

இது அப்பாவிடமிருந்து வந்த பழக்கம். அவர் காசிமேட்டில் வலை பழுது பார்த்தவர். கிழிந்த வலையின் ஓரத்தைக் கால் கட்டைவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு, ஊசியில் சுற்றிய நைலான் நூலால் கண் கண்ணாகக் கட்டிக்கொண்டே போவார். பேச்சு எங்கோ இருக்கும், பார்வை கடலில் இருக்கும், கை மட்டும் தப்பாது. அகஸ்தியா தியேட்டருக்கு எங்களைக் கூட்டிப்போவார். மீனவர் கதை என்று ஒரு படம் வந்தது. கதாநாயகன் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு பாட ஆரம்பித்ததுமே அப்பா மெதுவாகச் சொன்னார்: "இவன் வலையைத் தொட்டதே இல்லை." எனக்குப் பத்து வயது இருக்கும். அதற்குப் பிறகு நான் முகத்தைவிடக் கையைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

அப்படிப் பார்த்தால் சமீபத்தில் தேறிய படம் எது?

மாரி செல்வராஜின் வாழை, 2024-இல் வந்தது. பள்ளிக்கூடம் போகிற பையன் விடுமுறை நாட்களில் வாழைத்தார் சுமக்கிறான். தாரைத் தூக்கித் தலையில் வைக்கும்போது கழுத்து எப்படி உள்வாங்குகிறது, வரப்பில் நடக்கும்போது கால் எங்கே தடுமாறுகிறது, முதுகில் எந்த இடத்தில் வலி தங்குகிறது என்பதெல்லாம் அந்தப் படத்துக்குத் தெரிந்திருக்கிறது. தாருக்கு ஒரு ரூபாய் கூலியை இரண்டு ரூபாயாக்கச் சொல்லிக் கேட்கும் இடம் வருகிறது. அந்த ஒரு ரூபாய்க்குள் எத்தனை மனிதர்களின் மரியாதை இருக்கிறது என்று உரை எதுவும் இல்லாமல் புரிகிறது. இயக்குநர் தன் சிறுவயது வாழ்க்கையிலிருந்து எடுத்த கதை. சுமந்தவருக்குத்தான் அந்தக் கழுத்து தெரியும்.

கடைசிப் பகுதியில் இசை கொஞ்சம் குறைந்திருக்கலாம். அந்த வீட்டில் அந்த நேரத்தில் அழுகைச் சத்தமே போதுமானதாக இருந்தது.

கொட்டுக்காளியைப் பாதியில் நிறுத்திவிட்டேன். என் மேல் தவறா?

தவறு இல்லை. ஆனால் இன்னொரு முறை உட்காருங்கள். ஒரு பெண்ணைக் குடும்பமே ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போகிற கதை. இயக்குநர் பி.எஸ். வினோத்ராஜ் அதில் பின்னணி இசையே வைக்கவில்லை. வீட்டு மின்விசிறிச் சத்தமும் தெருச் சத்தமும் காதில் விழுந்துகொண்டே இருக்கும்போது ஆட்டோ எங்கே போகிறது என்ற பயம் பிடிபடாது. வீடு அடங்கிய பிறகு, கைபேசியை வேறு அறையில் வைத்துவிட்டுப் பாருங்கள். ஏறக்குறைய வாயே திறக்காத அந்தப் பெண்ணின் கண்ணும், கரகரத்த தொண்டையோடு கத்துகிற சூரியும் உங்களைப் பிடித்து உட்கார வைத்துவிடுவார்கள்.

வட சென்னையைப் பற்றிய படங்கள் என்றால் ஏன் உங்களுக்குக் கோபம் வருகிறது?

கோபம் எல்லாப் படங்களின் மேலும் இல்லை. ஆனால் இருக்கிறது, மறைக்க விரும்பவில்லை.

எங்கள் பகுதி வேலை செய்கிற பகுதி. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-இல் ராயபுரத்திலிருந்துதான் கிளம்பியது. பெரம்பூரில் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலை 1955-இல் தொடங்கியது. முதல் வந்தே பாரத் ரயில் 2018-இல் அங்கேதான் உருவானது. திருவொற்றியூரில் மோட்டார் சைக்கிள் செய்தார்கள், டயர் செய்கிறார்கள். எண்ணூரில் லாரி செய்கிறார்கள். பின்னி ஆலையின் சங்குச் சத்தத்தைக் கேட்டு உலை வைத்த பாட்டிமார்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நிற்கும்போது, லாரிக்கு அடியில் அடுப்பு வைத்துச் சோறு பொங்கும் ஓட்டுநரைப் பாருங்கள். காசிமேட்டில் ஏலம் விடுகிற பெண்ணின் கணக்கைக் கேளுங்கள். இவ்வளவு பேர் இவ்வளவு வேலை செய்கிற ஊரில், சினிமாவுக்குப் பெரும்பாலும் கண்ணில் படுவது கத்தி பிடித்த கை மட்டும்தான். கொலை நடக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. எங்கள் தெருவிலேயே நடந்திருக்கிறது. அதற்கு மறுநாள் காலையிலும் ஐந்து மணிக்குத் தண்ணீர் பிடிக்க வரிசை நின்றது. அந்த வரிசையைப் படமெடுக்க ஆள் இல்லை.

நல்லதையும் சொல்ல வேண்டும். பா. இரஞ்சித்தின் மெட்ராஸ் 2014-இல் வந்தபோது, வீட்டுவசதி வாரியக் குடியிருப்பில் வளர்ந்து, ஐ.டி. நிறுவனத்தில் வேலைக்குப் போய், மாலையில் கால்பந்து பார்க்க வந்து நிற்கிற ஓர் இளைஞனை முதல்முறையாகத் திரையில் பார்த்தோம். அவன் என் சித்தி மகன். அவன் வியாசர்பாடியில் எல்லா வீட்டிலும் இருக்கிறான். ஒரு சுவருக்காக இரண்டு கட்சிகள் அடித்துக்கொள்வதும் மிகை அல்ல. சுவர் பிடிக்கிற கலாசாரத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்தச் சுண்ணாம்பு வாசனை தெரியும்.

2018-இல் வந்த வெற்றிமாறனின் வட சென்னை, கேரம் ஆடுகிறவனின் விரலை நன்றாகவே பார்த்திருக்கிறது. கடலோரச் சாலைக்காகக் குடிசைகளை அகற்றும் அரசியலையும் அது விடாமல் பிடித்திருக்கிறது. ஆனால் இரண்டே முக்கால் மணி நேரம் பார்த்து முடித்த பிறகு, கடலுக்குப் போய் வந்த ஒருவன் உடம்பில் உப்போடு வீட்டுத் திண்ணையில் சாய்ந்த காட்சி ஒன்றுகூட என் மனத்தில் தங்கவில்லை. படத்தை மதிக்கிறேன். அந்தக் குறை எனக்குக் குறைதான்.

சார்பட்டா பரம்பரை?

மூன்று முறை பார்த்தேன். கொரோனா காலத்தில், 2021-இல், நேரடியாக இணையத்தில் வந்ததால் எங்கள் ஆட்கள் இதைத் தியேட்டரில் விசிலடித்துப் பார்க்க முடியாமல் போனது. அது பெரிய இழப்பு.

சார்பட்டா, இடியப்ப நாயக்கர், எல்லப்ப செட்டியார் என்று குத்துச்சண்டைப் பரம்பரைகள் இங்கே உண்மையிலேயே இருந்தன. என் பெரியப்பா 1980-இல் முகமது அலி சென்னைக்கு வந்து ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டி ஆடியதைப் போய்ப் பார்த்தவர். சாகும்வரை அலியின் கால்களைப் பற்றித்தான் பேசினார், கைகளைப் பற்றிப் பேசியதே இல்லை. அதனால்தானோ என்னவோ, படத்தில் எனக்கு மிகவும் பிடித்தது டான்சிங் ரோஸ். எதிரியாக வந்தும் அந்த மனிதனுக்குத் தன் தொழில் மீது இருக்கிற காதல் கால் நுனியில் தெரிகிறது. நெருக்கடி நிலைக் காலத்தையும் தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டதையும் சண்டை மேடைக்கே கொண்டுவந்து நிறுத்திய விதம் துணிச்சலானது. நாயகன் கபிலன் சீரழியும் பகுதி நீளம் என்று சொல்கிறார்கள். எனக்கு நீளமாகத் தெரியவில்லை. சாராயத்தில் விழுந்தவர்கள் எழுந்துவர அதைவிட அதிக நேரம் ஆகும்.

படங்களில் பேசுகிற "மெட்ராஸ் பாஷை" சரியாக இருக்கிறதா?

பெரும்பாலும் இல்லை. எல்லோரும் எல்லோரிடமும் ஒரே மாதிரி இழுத்துப் பேசுவதாகக் காட்டுகிறார்கள். என் அம்மா மீன்காரியிடம் ஒரு விதமாகவும், பேரனின் ஆசிரியையிடம் வேறு விதமாகவும், மாதா கோயிலில் இன்னொரு விதமாகவும் பேசுவார். நாஸ்தா, பேஜார் போன்ற சொற்கள் உருதுவிலிருந்து வந்து எங்கள் வீட்டுக்குள் குடியேறியவை. எத்தனை மொழிக்காரர்கள் இங்கே தோளோடு தோள் நின்று மூட்டை தூக்கினார்கள் என்பதற்கு அவை சாட்சி. சிரிப்பு மூட்டுவதற்காக மட்டும் அவற்றை எடுத்துப் பயன்படுத்தும்போது மனம் வலிக்கிறது.

லப்பர் பந்து பார்த்தீர்களா?

பார்த்தேன், உடனே இன்னும் நான்கு பேரைக் கூட்டிக்கொண்டு மறுபடி போனேன். ரப்பர் பந்து எழும்பும் விதம் வேறு, அதற்கு மட்டை இறங்கும் விதம் வேறு. தமிழரசன் பச்சமுத்து அதை ஆடியவர் கண்ணோடு எடுத்திருக்கிறார். யார் அணியில் சேரலாம், யார் சேரக் கூடாது என்று சாதி தீர்மானிப்பதை அவர் ஒளிக்கவில்லை, அதே சமயம் கதையின் உற்சாகத்தையும் குறைக்கவில்லை. அட்டகத்தி தினேஷுக்கு எவ்வளவு பாராட்டு கொடுத்தாலும் தகும்.

கருத்தை மாற்றிக்கொண்ட படம் ஏதாவது உண்டா?

மெய்யழகன். 2024 செப்டம்பரில் தியேட்டரில் பார்த்தபோது, இரண்டாம் பாதியில் பேச்சு அதிகம் என்று நினைத்தேன். வெளியான சில நாட்களில் சுமார் 18 நிமிடங்களைப் படக்குழுவே குறைத்தது. அப்போது எனக்கு அது நியாயமாகப் பட்டது.

பிறகு டொரண்டோவில் இருக்கும் என் தங்கை பார்த்தாள். 2004-இல் கல்யாணமாகிப் போனவள். இரவு அழைத்து, பத்து நிமிடம் ஒன்றுமே பேசாமல் அழுதாள். "அண்ணா, நம் ராயபுரம் வீட்டுப் படிக்கட்டில் எத்தனை படி?" என்று கேட்டாள். அந்த வீடு இப்போது இல்லை. அப்பாவின் மருத்துவச் செலவுக்கு விற்றுவிட்டோம். படத்தில் தஞ்சாவூர் வீட்டை இழந்து போன அருள்மொழி, 22 ஆண்டுகள் கழித்து ஒரு கல்யாணத்துக்காக ஊருக்கு வருகிறான். அவனை உயிராய் உபசரிக்கிறவனின் பெயர்கூட அவனுக்கு நினைவில் இல்லை. பேச்சு அதிகம் என்று நான் நினைத்த இடத்தில்தான் என் தங்கை அழுதிருக்கிறாள். இப்போது எனக்கு அந்த 18 நிமிடமும் வேண்டும்.

பதினொரு படி. மறக்கவில்லை.

தியேட்டருக்குப் போகிறீர்களா, வீட்டிலேயே பார்க்கிறீர்களா?

முடிந்தவரை தியேட்டர். ஆனால் நடந்து போகிற தூரத்தில் இருந்தவை ஒவ்வொன்றாக மூடிவிட்டன. 1967-இல் தொடங்கிய அகஸ்தியா 2020-இல் மூடப்பட்டது. பெரம்பூர் பிருந்தாவும் 2025-இல் போனது. 2021 பிப்ரவரியில் மெட்ரோ ரயில் விம்கோ நகர்வரை வந்துவிட்டதால் தெற்கே போய்ப் பார்ப்பது சுலபமாகியிருக்கிறது. இருந்தாலும் இரவுக் காட்சி முடிந்து, பேசிக்கொண்டே நடந்து வீட்டுக்கு வருகிற வழி இருந்ததே, அது இனி இல்லை. படத்தைப் பற்றிய பாதிக் கருத்து அந்த நடையில்தான் உருவாகும்.

அம்மா பார்க்கும் தொடர்களை நீங்களும் பார்ப்பீர்களா?

பார்ப்பேன். ஒரே அறை, ஒரே தொலைக்காட்சி. அம்மாவோடு உட்கார்ந்து எதிர்நீச்சல் பார்த்த இரவுகள் எனக்கு மதிப்பானவை. படித்த மருமகள்களைச் சமையலறைக்குள் பூட்டுகிற ஆதி குணசேகரனாக மாரிமுத்து நடித்தார். அம்மா அவரைத் திட்டிக்கொண்டே அவருக்காகக் காத்திருப்பார். 2023 செப்டம்பர் 8 அன்று, அதே தொடருக்குக் குரல் கொடுத்துக்கொண்டிருந்தபோது உடல்நலம் கெட்டு அவர் இறந்துபோனார். செய்தி வந்த அன்று எங்கள் தெருவில் பல வீடுகளில் சாவு வீட்டு அமைதி இருந்தது. வில்லனாக நடித்த ஒருவருக்காகப் பெண்கள் அப்படி வருந்தியதை நான் வேறெப்போதும் பார்த்ததில்லை.

மற்றத் தொடர்களைப் பற்றி ஒரே ஒரு குறை. யாரும் வேலைக்குப் போவதில்லை. பட்டுப் புடவையோடு கூடத்தில் நிற்கிறார்கள். மாதச் சம்பளம் எங்கிருந்து வருகிறது?

இணையத் தொடர்களில்?

அயலி. எட்டுப் பகுதிகள், 2023 ஜனவரியில் வந்தது. தொண்ணூறுகளில் புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், வயதுக்கு வந்தால் படிப்பை நிறுத்திவிடுவார்கள் என்பதால், வயதுக்கு வந்ததையே மறைத்துப் பள்ளிக்குப் போகிறாள் ஒரு சிறுமி. உங்கள் வீட்டுப் பெண் குழந்தைகளோடு உட்கார்ந்து பாருங்கள், ஆண் குழந்தைகளை எழுப்பி அனுப்பிவிடாதீர்கள்.

சுழல் பரவாயில்லை. முதல் பருவம் இரண்டாவதைவிட நன்று. மயானக் கொள்ளையின் பின்னணிக்காகவே முதல் பருவத்தை ஒருமுறை பார்க்கலாம். மாசி மாதத்தில் எங்கள் பக்கத்து அங்காளம்மன் கோயில் ஊர்வலத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்த முகப்பூச்சும் பம்பைச் சத்தமும் உடம்பில் இருக்கும்.

ஒரு நாவல் சொல்லுங்கள், ஒன்றே ஒன்று.

தேவிபாரதியின் நீர்வழிப் படூஉம். 2023-க்கான சாகித்திய அகாதெமி விருது பெற்றது. கொங்குப் பகுதியில் குடிநாவிதராக இருந்த காரு மாமா இறந்துபோகிறார், உறவினர்கள் கூடுகிறார்கள். கதை என்று பார்த்தால் இவ்வளவுதான். ஆனால் ஊரார் முகத்தை எல்லாம் தொட்ட ஒரு கைக்கு, ஊரில் என்ன இடம் இருந்தது என்று அந்த நாவல் சொல்லச் சொல்ல நெஞ்சு அடைத்துக்கொள்கிறது. தலைப்பு புறநானூற்றில் கணியன் பூங்குன்றனார் பாடியது. நீரின் போக்கிலே போகும் தெப்பம்போல் உயிர் முறைவழிப் போகும் என்பது பொருள். "யாதும் ஊரே" என்ற முதல் வரியோடு நிறுத்திவிடுகிறவர்கள் இந்த நாவலைப் படித்துவிட்டு அந்தப் பாட்டை முழுதாகப் படிக்க வேண்டும்.

இமையத்தின் செல்லாத பணம் கனமாக இருக்குமாமே? படிக்கலாமா?

கனம்தான். தீக்காயத்தோடு மருத்துவமனையில் கிடக்கும் மகள், வெளியே காத்திருக்கும் குடும்பம். கையில் பணம் இருந்தும் செய்வதற்கு ஒன்றும் இல்லாத தகப்பன். மருத்துவமனை வராந்தாவில் துண்டு விரித்துப் படுத்த அனுபவம் உங்களுக்குச் சமீபத்தில் இருந்தால், இப்போது வேண்டாம், ஒரு வருடம் போகட்டும். நான் அப்படித்தான் செய்தேன். பிறகு படித்தபோது அந்தப் புத்தகம் எனக்கு உதவியது.

வட சென்னை எழுத்தாளர்களில் யாரைப் படிப்பது?

பாக்கியம் சங்கரின் நான்காம் சுவரிலிருந்து தொடங்குங்கள். தெருவில் நாம் கடந்துபோகிற மனிதர்களை அவர் நின்று பார்த்து எழுதியிருக்கிறார், அவர்களைப் பாவமென்று ஆக்காமல். அடுத்து கரன் கார்க்கியின் கறுப்பர் நகரம்.

புத்தகம் எங்கே வாங்குகிறீர்கள்?

ஜனவரியில் புத்தகக் காட்சியில், பத்து சதவீதத் தள்ளுபடிக்காக ஒரு வருடம் சேர்த்து வைத்த பட்டியலோடு. மற்ற நாட்களில் சென்ட்ரல் பக்கத்து அல்லிக்குளம் பழைய புத்தகக் கடைகளில். மூர் மார்க்கெட் 1985-இல் எரிந்த பிறகு அந்தக் கடைக்காரர்கள் அங்கேதான் வந்தார்கள். பேரம் பேசலாம், ஆனால் புத்தகத்தைத் தூக்கி எறிவதுபோல் வைத்துவிட்டுப் பேசாதீர்கள்.

சென்னையில் இருந்துகொண்டு பேஸ்பால் எதற்கு?

இதுதான் அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி. தங்கையால் வந்தது. டொரண்டோவில் அவள் வீட்டுக்காரர், பிள்ளைகள், பக்கத்து வீட்டு ஈழத் தமிழர்கள் எல்லோரும் புளூ ஜேஸ் அணியின் ஆட்கள். பேசுவதற்குப் பொதுவான ஒன்று வேண்டும் என்பதற்காகவே முதலில் பார்க்கத் தொடங்கினேன். தொலைபேசியில் "சாப்பிட்டாயா, குளிர் எப்படி" என்று எத்தனை வருடம்தான் கேட்பது?

பார்க்கத் தொடங்கிய பிறகு ஆட்டமே பிடித்துப்போனது. கிரிக்கெட் தெரிந்தவர்களுக்கு இதைப் புரிந்துகொள்வது கடினமில்லை. ஓர் அணிக்கு ஒன்பது பேர். ஒவ்வோர் அணியும் ஒன்பது இன்னிங்ஸ் ஆடும். மூன்று பேர் அவுட் ஆனால் அந்த முறை முடிந்தது. ஒன்பது முடிந்தும் சமனில் இருந்தால், யாராவது ஜெயிக்கும்வரை ஆட வேண்டியதுதான். நம் பந்துவீச்சாளர் ஓடிவந்து தரையில் குத்திப் போடுகிறார். அங்கே பிட்சர் நின்ற இடத்திலிருந்து, 60 அடி 6 அங்குல தூரத்திலிருந்து, தரையில் படாமல் எறிகிறார். பந்தைப் பிடிக்கும் விரல்களின் இடமும் மணிக்கட்டின் திருப்பமும் மாறினால் பந்தின் பாதையே மாறும். அவரோடு சேர்ந்து சிந்திக்கிறவர், மட்டையடிப்பவருக்குப் பின்னால் குத்தவைத்து உட்கார்ந்திருக்கும் கேட்சர். நூற்றுக்கும் மேற்பட்ட பந்துகளுக்கு அவர் அப்படி உட்கார்ந்து எழ வேண்டும். நான் எப்போதும் அவரைத்தான் பார்ப்பேன்.

பந்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அமெரிக்கப் பெருந்தொடர் ஆட்டங்களுக்கான பந்துகள் கோஸ்டா ரிகா நாட்டில் துரியால்பா என்ற ஊரில் கையால் தைக்கப்படுகின்றன. சிவப்பு நூலில் 108 இரட்டைத் தையல். ஆட்டத்துக்கு முன் டெலவேர் ஆற்றுப் பக்கத்துச் சேற்றை எடுத்து, பந்தின் வழவழப்புப் போகத் தேய்க்கிறார்கள். மருமகன் போன முறை வந்தபோது ஒரு பந்து கொண்டுவந்தான். அம்மா அதை வாங்கி, கட்டைவிரலால் தையலைத் தடவிக்கொண்டே போய், "எங்கேயும் முடிச்சு தெரியவில்லை, நல்ல கை" என்றார். பிறகு கேட்டார்: "ஒரு பந்துக்கு என்ன கூலி கொடுப்பார்கள்?" வலை கட்டியவரின் மனைவி வேறென்ன கேட்பார்.

2025 பேஸ்பால் உலகத் தொடர் இறுதி ஆட்டங்களைப் பார்த்தீர்களா?

எல்லாவற்றையும் பார்த்தேன். புளூ ஜேஸ் 1993-க்குப் பிறகு முதல்முறையாக இறுதிக்கு வந்திருந்தது. எதிரணி லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ், முந்தைய ஆண்டின் சாம்பியன். நம் நேரப்படி காலை ஐந்தரைக்குத் தொடங்கும்.

மூன்றாவது ஆட்டம் அக்டோபர் 28, செவ்வாய்க்கிழமை. மோந்தா புயல் ஆந்திரக் கரையைக் கடந்த நாள். இங்கேயும் வானம் மூடியிருந்தது. ஒன்பது இன்னிங்ஸில் முடிய வேண்டிய ஆட்டம் பதினெட்டு இன்னிங்ஸ் போனது. ஆறரை மணி நேரத்துக்கு மேல். நான் காலை நாஸ்தா சாப்பிட்டு, அலுவலகம் போய், ஆவணங்களுக்கு நடுவே கைபேசியில் எண்களைப் பார்த்து, மதியச் சாப்பாட்டுக்கு எழுந்திருக்கும்போது டாட்ஜர்ஸின் ஃபிரெடி ஃப்ரீமன் ஹோம் ரன், அதாவது நம் சிக்ஸர் போல எல்லைக்கு வெளியே போகும் அடி, அடித்து முடித்தார். 6-5. அன்று டாட்ஜர்ஸின் நட்சத்திரம் ஓதானி ஒன்பது முறை பேஸை, அதாவது ரன் எடுக்க ஓடித் தொட வேண்டிய இடத்தை, அடைந்தார். ஆனால் என் மனத்தில் நிற்பவர் வில் க்ளைன். டாட்ஜர்ஸ் அணியில் மிச்சமிருந்த கடைசி பிட்சர்களில் ஒருவர், பெயர் தெரியாத ஆள். வேறு வழியில்லாமல் அனுப்பினார்கள். நான்கு இன்னிங்ஸ், 72 பந்துகள், ஒரு ரன்கூடக் கொடுக்கவில்லை. என் அணியைத் தோற்கடித்தவர்தான். இருந்தாலும் எழுந்து நின்று கைதட்டினேன். எந்த அலுவலகத்திலும் அப்படி ஓர் ஆள் இருப்பார், கடைசி நேரத்தில்தான் அவர் பெயரைக் கேட்பார்கள்.

ஏழாவது ஆட்டம் நவம்பர் 2, ஞாயிற்றுக்கிழமை காலை. ஒன்பதாவது இன்னிங்ஸில் இன்னும் இரண்டே அவுட் எடுத்தால் புளூ ஜேஸுக்குக் கோப்பை. மிகெல் ரோஹாஸ் ஹோம் ரன் அடித்துச் சமன் செய்தார். பதினோராவது இன்னிங்ஸில் வில் ஸ்மித் இன்னொன்று அடித்தார். ஸ்மித்தும் கேட்சர்தான். முந்தைய நாள் ஆட்டத்தைத் தொடங்கி 96 பந்துகள் எறிந்த டாட்ஜர்ஸ் பிட்சர் யமமோட்டோ, ஓய்வே இல்லாமல் மறுநாள் திரும்பிவந்து முடித்துக் கொடுத்தார். 5-4. காணொலியில் தங்கையின் வீட்டில் யாரும் பேசவில்லை. சின்ன மருமகள் மட்டும் "மாமா, அடுத்த வருஷம்" என்றாள். நள்ளிரவு தாண்டியும் அந்தக் குழந்தை தூங்காமல் இருந்தது.

யமமோட்டோ செய்தது சரியா? கை கெட்டுப்போகாதா?

மெய்சிலிர்த்துப் பார்த்தேன். ஆனால் இளைஞர்களுக்கு அதை உதாரணமாகக் காட்ட மாட்டேன். பிட்சர்களின் முழங்கைத் தசைநார் அறுந்து அறுவை சிகிச்சை செய்துகொள்வது அங்கே சாதாரணமாகிவிட்டது. ஓதானிக்கே நடந்தது. உழைக்கிற கைக்கு ஓய்வு வேண்டும், அது உலக இறுதி ஆட்டமாக இருந்தாலும்.

உள்ளூர் விளையாட்டை விட்டுவிட்டு அமெரிக்காவைப் பிடித்துக்கொண்டீர்களே?

விடவில்லை. இன்றும் சனிக்கிழமை மாலைகளில் மன்றத்தில் கேரம் பார்க்க நிற்கிறேன். 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கிய காசிமா புதுவண்ணாரப்பேட்டைப் பெண், ஆட்டோ ஓட்டுநரின் மகள். அடுத்த ஆண்டு மாலத்தீவில் மூன்று தங்கம் வாங்கிய கீர்த்தனா காசிமேட்டுப் பெண். 74 சென்டிமீட்டர் சதுரப் பலகை, 19 காய்கள், ஒரு விரல். இதற்கு மேல் எந்த வசதியும் இல்லாமல் உலகத்தை ஜெயித்திருக்கிறார்கள். இவர்களைப் பற்றி நல்ல படம் எடுப்பவர், கோப்பையைவிட அந்த விரலின் பயிற்சியைக் காட்டினால், முதல் நாள் முதல் காட்சிக்கு நான் தெருவையே கூட்டிவருவேன்.

விடியற்காலை ஆட்டத்தை உங்களோடு சேர்ந்து பார்க்க வரலாமா?

தாராளமாக வாருங்கள். ஐந்து மணிக்கே காபி போட்டுவிடுவோம். கதவைத் தட்ட வேண்டாம், அம்மா தூங்குவார், மெதுவாகத் தள்ளினால் திறக்கும். ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் ஆட்டம் முடிந்ததும் காசிமேட்டுக்குப் போகலாம். கூடுதல் இன்னிங்ஸ் போய்விட்டால் மட்டும் நல்ல சங்கரா கிடைக்காது. நவம்பர் 2 அன்று அப்படித்தான் ஆனது, மதியம் வீட்டில் கத்திரிக்காய்க் குழம்பு.